கட்டில் சின்னத்தில் நின்ற உன் அக்காள்

அய்யா உண்டு

பூதப்பாண்டி,
ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பின்.

அன்பிற்குரிய மைத்துனன் சிரஞ்சீவி ஜெயசிங்குக்கு, அத்தான் சுயம்புலிங்கம் மனமார ஆசீர்வதித்து எழுதுவது. நீயும் சபிதாவும் பிள்ளை அபிதாவும் மஸ்கட்டில் ஏசி கெட்டுப்போகாமல், முதலாளி கோபப்படாமல், சகல சௌகரியங்களோடும் இருக்க அய்யாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் இத்தனை வருஷம் ஒரு நீதிபதிக்குப் புருஷனாக இருந்தவனுக்கு எழுத்தில் பொய் சொல்லக் கை வராது. ஆகவே உள்ளதை எழுதுகிறேன். உன் அக்காள் முத்துக்கனி சுகம். நான் சுகமில்லை.

இந்தக் காலத்தில் அத்தான் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நீ நினைப்பாய். போனில் பேசினால் அக்காள் பக்கத்து அறையில் இருப்பாள். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போட்டால், போன தடவை போல உனக்கு அனுப்புவதாக நினைத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிடுவேன். அன்றைக்கு நான் சாம்பாரைப் பற்றிச் சொன்ன ஒரு வார்த்தைக்கு இன்னும் எழுத்துமூலமான விளக்கம் கொடுத்து முடியவில்லை. வடக்குத் தெரு பிரதீஷ் லீவு முடிந்து மஸ்கட்டுக்குத் திரும்புகிறான். அவன் பெட்டியில், உனக்கு அனுப்பும் நேந்திரங்காய் சிப்ஸுக்கு அடியில் இந்தக் கவர் இருக்கும். படித்துவிட்டு அக்காளிடம் மூச்சுவிடாதே.

தேர்தல் முடிவு வந்த மறுநாள் நீ போனில், "தோத்தாச்சுல்லா அத்தான், இனி நிம்மதியா இருங்க" என்று சிரித்தாய். மாப்பிளே, தோற்ற பிறகுதான் என் நிம்மதி போனது. அது உனக்குப் புரிய வேண்டுமானால் முதலில் இருந்து வர வேண்டும்.

உன் அக்காளைக் கட்டும்போது அவள் நாகர்கோவிலில் ஒரு வக்கீலிடம் ஜூனியர். அடுத்த வருஷமே பரீட்சை எழுதி முன்சீப் ஆகிவிட்டாள். முதலில் பொன்னேரி என்றார்கள். அது எந்தத் திசையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பிறகு ஆத்தூர், பிறகு வள்ளியூர், பிறகு எங்கெங்கோ. தமிழ்நாட்டுப் படத்தை நான் பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட உன் அக்காளுடைய மாற்றல் உத்தரவுகளில் படித்ததுதான் அதிகம். நான் இங்கே உரக்கடையில் யூரியா நிறுத்துக்கொண்டிருப்பேன். சனிக்கிழமை பஸ் பிடித்துப் போவேன். அங்கே அவள் கோர்ட்டுக்குள் நுழைந்தால் டவாலி குரல் கொடுப்பான், ஒரு கட்டடமே எழுந்து நிற்கும். நானும் அறியாமல் எழுந்து நின்றிருக்கிறேன். வீட்டிலும்தான்.

சார்பு நீதிபதியாக ஓய்வு பெற்று, மாலையும் மரியாதையுமாக ஊருக்கு வந்தாள். வந்த பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. எந்த வாசலுக்குப் போனாலும் அரை நொடி நிற்பாள். யாரோ கதவைத் திறந்து குரல் கொடுப்பார்கள் என்று உடம்பு எதிர்பார்க்கிறது. யாரும் இல்லை என்றதும் தானே தள்ளிக்கொண்டு போவாள். ஒருநாள் சிலிண்டர் கொண்டுவந்த பையன் வெளியே நின்று "கேஸ்!" என்று கத்தினான். உன் அக்காள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து, "எந்த வருஷத்துக் கேசு?" என்று கேட்டாள். கேட்ட பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது. ஆனால் அன்று முழுக்க அவள் முகம் சரியில்லை. நான் அதைக் கவனித்தேன். கவனித்து என்ன செய்ய, எனக்கு உரத்தைப் பற்றித்தானே தெரியும்.

இந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடத் தெருவில் ஓடைப் பாலம் இடிந்து விழுந்தது. மழை பெய்தால் பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முட்டளவு தண்ணீரில் போக வேண்டியிருந்தது. உன் அக்காள் ஒரு மனு எழுதிக்கொண்டு நேரே பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனாள். அங்கே புதிதாக வந்த ஒரு பையன் கம்ப்யூட்டரில் இருந்து தலையைத் தூக்காமல், "நீங்க யாரு?" என்று கேட்டிருக்கிறான். அவன் தப்பாகக் கேட்கவில்லை, எல்லோரிடமும் கேட்பதுதான். ஆனால் உன் அக்காளுக்குப் பதில் சொல்ல வரவில்லையாம். மூன்று பதில் நாக்கு வரைக்கும் வந்து திரும்பிப் போயிற்றாம். வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள்.

"இஞ்சேருங்க, நான் இப்பம் யாரு?"

"எனக்க பெண்டாட்டி" என்றேன்.

"அது முன்னாலயும் உண்டும்லா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுத்த வாரம் உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பு வந்தது. அவள் நம்ம வார்டுக் கவுன்சிலர் பதவிக்கு வேட்புமனு வாங்கிக்கொண்டு வந்தாள். நான் வேண்டாம் என்று சொன்னேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். "உங்க ஆட்சேபணை கேக்கப்பட்டது" என்றாள். அதோடு முடிந்தது.

எங்கள் வார்டில் பெரிய கட்சிகள் எல்லாம் கூட்டணியில் யாருக்கு விடுவது என்று சண்டை போட்டு, கடைசியில் யாருமே நிற்கவில்லை. ஆகவே போட்டி இரண்டு சுயேச்சைகளுக்கு இடையில். ஒருவர் உன் அக்காள். இன்னொருவன் ரசலையன். உனக்கு அவனைத் தெரியாது. முன்பு லாரி ஓட்டியவன், நம்ம தெருவுக்குப் பின்னால் பெண் கட்டி இங்கேயே தங்கிவிட்டான். வாழைக்குலை வியாபாரம். தலையில் ஒரு முடி கிடையாது, வாய் மட்டும் ஓயாது.

சின்னம் ஒதுக்கினார்கள். உன் அக்காள் தராசு கேட்டாள். பட்டியலில் தராசு இல்லை. கிடைத்தது கட்டில். ரசலையனுக்குச் சீப்பு. வழுக்கைத் தலையனுக்குச் சீப்பா என்று நான் சந்தோஷப்பட்டது ஒரு மணி நேரம்கூட நீடிக்கவில்லை. அவன் ஒரு கையில் தலை சீவும் சீப்பும் மறு கையில் பாளையங்கோட்டான் வாழைப்பழம் ஒரு சீப்புமாகத் தெருவில் இறங்கிவிட்டான். "எனக்கு ரெண்டு சீப்பு உண்டு. ஒண்ணு எனக்கு உதவாது, ஒண்ணு உங்களுக்கு உதவும்" என்று சொல்லிச் சொல்லி வீடு வீடாகச் சிரிக்க வைத்தான். எனக்குக் கிடைத்த வேலையைப் பார். ஊரில் உள்ள பெண்பிள்ளைகள் எல்லாம் அண்ணாச்சி என்று மரியாதையாகக் கூப்பிடும் நான், ஒவ்வொரு வாசலிலும் நின்று, "மறக்காம கட்டிலுக்கு…" என்று தொடங்கி அதற்கு மேல் எப்படி முடிப்பது என்று தெரியாமல் விழித்தேன். நூர்ஜஹான் பேகம் வீட்டில் அவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

என் நண்பன் சிலுவைதாசன்தான் பிரச்சாரத் தளபதி. லோடு ஆட்டோ அவனுடையது, மைக்கும் அவனுடையது. ஜனங்களுக்குச் சின்னம் மனதில் பதிய வேண்டும் என்று எங்கள் வீட்டுத் தேக்குக் கட்டிலையே ஆட்டோவில் ஏற்றிக் கட்டி, "கட்டில்! கட்டில்! உங்கள் கட்டில்!" என்று கத்திக்கொண்டு ஊரைச் சுற்றினான். கீழத்தெருவில் ஒரு அம்மா ஓடிவந்து வண்டியை நிறுத்தி, "தவணைக்கு உண்டா மக்கா?" என்று கேட்டார்கள். மெத்தையோடு என்ன விலை என்று இன்னொருவர். அன்று சாயங்காலம் எத்தனை ஓட்டுத் தேறும் என்று கேட்டேன். "ஓட்டு தெரியாது அண்ணாச்சி, நாலு கட்டிலுக்கு ஆர்டர் உண்டு" என்றான் சிலுவைதாசன். நான் அந்தப் பிரச்சார காலம் முழுக்கத் தரையில் பாய் விரித்துப் படுத்தேன்.

எதிர்த்தரப்பு ஆட்கள் சும்மா இருப்பார்களா? "அம்மாவுக்கக் கோர்ட்டுல கேசெல்லாம் வருசக் கணக்குல படுத்துக் கெடந்துது, அதான் கெவர்மென்டு கட்டிலு குடுத்துருக்கு" என்று பேசினார்கள். உன் அக்காள் கோபப்படுவாள் என்று பயந்தேன். அவள் யோசித்துப் பார்த்து, "அதுல கொஞ்சம் உண்மை உண்டு" என்றாள். ஒரு வேட்பாளர் பேசுகிற பேச்சா இது?

அவளோடு ஓட்டுக் கேட்கப் போன கொடுமையைச் சொல்லாமல் விட முடியாது. முதல் வீடு நூஹு காக்கா வீடு. அவர் நல்ல மனுஷன். வாங்க என்று உட்கார வைத்து, பக்கத்து வீட்டுக் கூரைத் தண்ணீர் தன் சுவரில் விழுகிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். மற்ற வேட்பாளர் யாராக இருந்தாலும், "பாத்துச் செய்யுறேன் காக்கா" என்று கும்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவான். உன் அக்காள் நாற்காலியை இழுத்துப் போட்டு, "எதிர்த்தரப்பக் கேக்காம நான் ஒண்ணும் சொல்லப்பிடாது. அவங்களையும் கூப்பிடுங்க" என்றாள். பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். அவர் மனைவி வந்தாள். கூரையைப் பார்க்க ஏணி வந்தது. மதியம் வரை அங்கேயே இருந்தோம். முடிவில் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு கூரைத் தண்ணீரைத் திருப்பிவிடத் தகரத்தில் ஒரு தண்ணீர்ப்பாத்தி வைப்பதாக ஆயிற்று. அதற்குள் ரசலையன் சீப்போடு இரண்டு தெரு முடித்துவிட்டான். போகிற வழியில் எங்களைப் பார்த்து, "என்ன அம்மா, இன்னும் மொத வீட்டுலயா நிக்கிய?" என்று அக்கறையாக விசாரித்துவிட்டு வேறு போனான்.

சரி, வாக்குறுதியாவது கொடுப்பாளா என்றால் அதுவும் இல்லை. ரசலையன் குழாயில் சுடுதண்ணீர் வரும் என்கிற அளவுக்குப் போய்விட்டான். உன் அக்காளிடம் ஒரு அம்மா, "நீங்க ஜெயிச்சா எங்க தெருவுக்கு லைட்டு வருமா?" என்று கேட்டாள். "நிதி இருக்கணும், மன்றத்துல தீர்மானம் ஆகணும். இப்பமே சொன்னா அது முன்கூட்டியே தீர்ப்பு எழுதுனது போல ஆயிரும்" என்றாள். அந்த அம்மா என்னைப் பார்த்து, "வருமா வராதா அண்ணாச்சி?" என்று கேட்டாள். நான் வரும் என்றேன். உன் அக்காள் என்னை வழியிலேயே நிறுத்தி, அதிகாரம் இல்லாமல் வாக்குக் கொடுத்ததற்காக அந்த வீட்டுக்குத் திரும்பிப் போய்த் திருத்திச் சொல்ல வைத்தாள்.

இப்படியே போனால் டெபாசிட் போய்விடும் என்று நானும் சிலுவைதாசனும் கணக்குப் போட்டோம். அப்போதுதான் அவனுக்கு ஒரு சேதி கிடைத்தது. ரசலையன் லாரி ஓட்டின காலத்தில் வள்ளியூர்ப் பக்கம் ஆடு திருடினதாகப் பிடிபட்டிருக்கிறான். அந்தக் கேசு நடந்தது யாருக்கு முன்னால்? அப்போது வள்ளியூரில் மாஜிஸ்திரேட்டாகவும் இருந்த நம் முத்துக்கனி அம்மாளுக்கு முன்னாலேதான்! சிலுவைதாசன் துள்ளிக் குதித்தான். "அண்ணாச்சி, தெய்வமாப் பாத்துத் தந்தது. ஜங்ஷன்ல நடக்கப்போற பிரச்சாரக் கூட்டத்துல நான் கேள்வி கேப்பேன். அம்மா மைக்கப் பிடிச்சு, ஆமா அவன் எனக்க முன்னால கூண்டுல நின்னவன்னு ஒரே ஒரு வார்த்த சொன்னாப் போதும், சீப்பு ஒடிஞ்சிரும்." நானும் சம்மதித்தேன். அக்காளிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

கூட்டத்தில் நல்ல ஆள். ரசலையனும் ஓரத்தில் டீக்கடைப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். சிலுவைதாசன் எழுந்து, "அம்மா, ஒரு சந்தேகம். நம்ம ரசலையன் ஆட்டுக் கேசுல உங்க முன்னால நின்னது உண்மையா?" என்று கேட்டான். கூட்டம் மொத்தமும் டீக்கடைப் பக்கம் திரும்பியது. ரசலையன் கையில் இருந்த டீயைக் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. அவன் மனைவியும் அங்கே நின்றாள். அவளுக்கு அதுவரை அந்தக் கேசு விஷயமே தெரியாது என்று அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. எனக்கு அந்த நிமிஷமே, செய்யக் கூடாத காரியம் செய்துவிட்டோம் என்று பட்டது.

உன் அக்காள் மைக்கை வாங்கினாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துப் பேசினாள்.

"உண்மை. நின்னாரு. ஏன் நின்னாரு, என்ன ஆச்சுன்னும் கேளுங்க. லாரிக்குப் பின்னால ஒரு ஆடு நின்னுதுன்னு பிடிச்சாங்க. ஆட்டுக்குச் சொந்தக்காரரு வந்து, களவுபோனது எனக்க கருப்பு ஆடுன்னாரு. கோர்ட்டுக்குக் கொண்டுவந்தது வெள்ளை ஆடு. அதும் பிடிக்கும்போ கெடாய்ன்னு எழுதியிருந்தாங்க, கொண்டுவந்த ஆட்டுக்குப் பக்கத்துல குட்டி நின்னு பாலு குடிச்சிட்டு இருந்துது."

கூட்டம் சிரித்த சிரிப்பில் மைக் கீச்சிட்டது. அவள் கையைத் தூக்கினாள். அவ்வளவுதான், கோர்ட் மாதிரி அடங்கிவிட்டது.

"சிரிக்கிறதுக்குச் சொல்லல்ல. சாட்சி இல்லாம ஒரு மனுசன் அத்தனை வாய்தா நடந்தாரு. வேலை போச்சு. அவருக்க மேல குற்றம் இல்லைன்னு நான்தான் தீர்ப்புச் சொன்னேன். அதுக்குப் பொறவும் ஒருத்தரு அவரக் கள்ளன்னு சொன்னா அது எனக்க தீர்ப்பயும் சேத்துச் சொல்லுகது போல. எனக்க கூட வந்தவங்களே இதச் செஞ்சதுக்கு நான் வருத்தப்படுகேன்."

ஜெயசிங், கைதட்டல் நிற்கவே இல்லை. ரசலையன் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். அவன் மனைவி பக்கத்தில் போய் நின்று அவன் முதுகில் கையை வைத்தாள். எனக்கும் கண் கலங்கியது. அது தேர்தல் பயத்தால் என்று சிலுவைதாசனிடம் சொல்லிக்கொண்டேன். அதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. மறுநாள் காலையில் ஊர் முழுக்க நோட்டீஸ்: "நீதிபதி அம்மாவே நிரபராதி என்று தீர்ப்பளித்த உங்கள் ரசலையனுக்குச் சீப்புச் சின்னத்தில் வாக்களியுங்கள்!" கீழே உன் அக்காள் படம், அவன் படத்தைவிடப் பெரிதாக. எங்கள் நோட்டீஸில்கூட அவள் அவ்வளவு நன்றாக விழவில்லை.

ஓட்டு எண்ணினார்கள். சரிசமம். தபால் ஓட்டையும் சேர்த்து மறுபடி கூட்டினார்கள். சரிசமம். குலுக்கல்தான் வழி என்றார் தேர்தல் அலுவலர். அப்போது ரசலையன் எல்லோர் முன்னாலும் கும்பிட்டுக்கொண்டு, "சார், குலுக்கல் வேண்டாம். நான் எனக்க ஓட்டயே அம்மாவுக்குத்தான் போட்டேன். அவங்களே இருக்கட்டும்" என்றான். நான் எழுந்தே விட்டேன். உன் அக்காள் பாய்ந்தாள், அவன் மேல்! "ரகசிய வாக்கெடுப்புல யாருக்குப் போட்டன்னு வெளிய சொல்லுவியா? உனக்கு ஓட்டுப் போட்டவங்களுக்கு என்ன பதில் சொல்லப்போற? இரி அங்க!" அவன் கூண்டில் நின்ற பழைய ஞாபகத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

பிறகு குலுக்கல். அதிலும் இவள் விடவில்லை. இரண்டு சீட்டும் ஒரே அளவா, ஒரே மடிப்பா, டப்பா காலியா என்று தானே பார்த்தாள். ஒரு சீட்டு கொஞ்சம் நீளம் என்று சொல்லி மறுபடி வெட்ட வைத்தாள். ஒரு பெண் போலீஸ் எடுத்தார். ரசலையன். உன் அக்காள் எழுந்து, "முறை சரியா நடந்துருக்கு" என்று சொல்லி, அவனுக்குக் கை கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். வாசலில் அரை நொடி நின்றாள். சிலுவைதாசன் கதவைத் திறந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், "அவன் உனக்குப் போட்டான். நீ யாருக்குப் போட்ட?"

"தனக்க வழக்குக்குத் தானே நீதிபதியா இருக்கப்பிடாது" என்றாள். அவனுக்குத்தான் போட்டிருக்கிறாள் என்று புரிந்துகொண்டேன். நான் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இவள் தனக்கே போட்டிருந்தால் ஜெயித்திருப்பாள். அவன் தனக்கே போட்டிருந்தால் அவன் ஜெயித்திருப்பான். இரண்டு பேரும் ஒழுங்காகத் தங்களுக்கே போட்டிருந்தால் மறுபடியும் சரிசமம். காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு ஒரு தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அவள் கார் ஷெட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். "ஊருக்கு நான் வேண்டாம்னு ஆயிட்டேன், இல்லியா?" என்று கேட்டாள். "சரிபாதி ஊரு வேணும்னுல்லா சொல்லியிருக்கு" என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணம் ஆனதில் இருந்து என் வாயில் இருந்து வந்த ஒரே நல்ல வாதம் அதுதான் என்று பிறகு சொன்னாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் உனக்கு எழுதியிருக்க மாட்டேன். பதவி ஏற்ற மறுநாள் விடிந்ததும் ரசலையன் எங்கள் வாசலில். கூடவே வேலித் தகராறுக்காரர்கள் இரண்டு பேர். "அம்மா, கையெழுத்து நான் போடுவேன், ஓடுகது நான் ஓடுவேன். ஞாயம் மட்டும் நீங்க சொல்லிரணும். எனக்குச் சொன்ன மாதிரி எல்லாத்துக்கும் சொல்லுங்க" என்றான். போச்சு. ஓடைப் பாலத்து வேலையை முதல் மன்றக் கூட்டத்திலேயே சண்டை போட்டு வாங்கிவிட்டான், அதைக் குறை சொல்லக் கூடாது. உன் அக்காள் குடையோடு போய் நின்று கம்பி கட்டுவதைப் பார்க்கிறாள். மற்ற நேரமெல்லாம் கார் ஷெட்டில் கோர்ட். கார் தெருவில் வெயிலில் காய்கிறது. ஆடு, கோழி, முருங்கைக் கிளை, மாமியார், கேபிள் டிவி, எல்லாத் தகராறும் இங்கேதான். வருகிறவர்களுக்கு டீ நான் போட வேண்டும். பெயர் கூப்பிடுவதும் நான். ஒரு உரக்கடை முதலாளி தன் வீட்டு வாசலில் நின்று டவாலி மாதிரிக் குரல் கொடுப்பதை நீ கற்பனை செய்து பார். மதியத் தூக்கம் போயிற்று. டிவி போடக் கூடாது. நேற்று நான் தும்மியதற்கு, "அமைதி!" என்றாள்.

ஆகவே மாப்பிளே, இந்தக் கடிதத்தின் சாரம் இதுதான். அபிதாவுக்கு அத்தையைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது, சாப்பிட மாட்டேன் என்கிறாள், அப்படி ஏதாவது சொல்லி உன் அக்காளை மூன்று மாதம் மஸ்கட்டுக்குக் கூப்பிடு. விசாவுக்கு உடனே ஏற்பாடு செய். இது நான் சொல்லிச் செய்தது என்று தெரிந்தால் எனக்கு என்ன தண்டனை கிடைக்கும் என்று உனக்கே தெரியும். அத்தானைக் காப்பாற்று.

சபிதாவுக்கு என் அன்பு. பிள்ளை அபிதாவுக்கு ஆயிரம் முத்தம். வெயிலில் அலையாதே, மோர் குடி. அய்யா உங்கள் எல்லோரையும் நோய் நொடி இல்லாமல் காக்க வேண்டும், எனக்கு ஒரு மதியத் தூக்கத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நிறுத்துகிறேன்.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள அத்தான்
சுயம்புலிங்கம்

பின்குறிப்பு: பிரதீஷ் புறப்படுவது வியாழக்கிழமைக்குத் தள்ளிப்போனதால் கவர் மேசையிலேயே கிடந்தது. இதற்குள் ஒரு காரியம் நடந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை உன் அக்காள் கண்ணை டாக்டரிடம் காட்ட நெய்யூருக்குப் போனாள். போகும்போது ரசலையனிடம் என்னைக் காட்டி, "நான் வாறது வரைக்கும் சார்தான் இன்சார்ஜு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்று வந்தது ரிஜ்வானும் எபினும். ரிஜ்வான் புறா வளர்க்கிறான். புறா பக்கத்து வீட்டு எபினின் புதுக் காரில் எச்சம் போடுகிறது. இரண்டு பேருக்கும் ஒரு வருஷமாகப் பேச்சு கிடையாது. நான் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு தரப்பையும் கேட்டேன். நன்றாக யோசித்து, காரை ரிஜ்வான் வீட்டு ஷெட்டில் விட வேண்டும், புறாக்கூட்டை எபின் வீட்டு மாடியில் வைக்க வேண்டும், அப்போது இரண்டு பேருக்கும் மற்றவனுடைய கஷ்டம் புரியும் என்று தீர்ப்புச் சொன்னேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "அய்யோ!" என்றார்கள். வெளியே போய் டீக்கடையில் தலையோடு தலை வைத்துப் பேசினார்கள். உன் அக்காள் பஸ்ஸில் இருந்து இறங்குவதற்கு முன்பே ஒரே ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் மேல்முறையீடு செய்துவிட்டார்கள்.

"ரெண்டு பேரும் சேந்தா வந்திய?" என்று அவள் ஆச்சரியப்பட்டாளாம்.

"ஆமா அம்மா. அண்ணாச்சிக்க தீர்ப்பு எங்க ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி அநியாயம்" என்றானாம் எபின். காருக்கு மூட ஒரு தார்ப்பாய் ரிஜ்வான் வாங்கித் தருகிறான். எபின் அவனுக்குப் புறாத் தீனி நாகர்கோவிலில் இருந்து காரிலேயே கொண்டுவந்து தருகிறான். பேசி முடித்துவிட்டார்கள். உன் அக்காள் என் தீர்ப்பை ரத்து செய்தாள். பிறகு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் என்னிடம், "முப்பது வருசத்துல எனக்க தீர்ப்பு ஒண்ணும் இப்படி ரெண்டு பேரச் சேத்து வச்சது இல்ல" என்றாள். சமாதானமே ஆகாத கேசெல்லாம் இனிமேல் எனக்கு ஒதுக்குவதாக முடிவு.

ஆகவே விசா வேண்டாம். மேலே எழுதியது எதையும் பொருட்படுத்தாதே. எழுதின கை வலிக்கிறது, கிழிக்க மனசு வரவில்லை, அதனால்தான் அனுப்புகிறேன். நாளைக்கு எனக்கு இரண்டு கேசு இருக்கிறது, அதில் ஒன்று மாமியார் மருமகள். காலையில் போன் பண்ணாதே. கோர்ட் நேரத்தில் நான் எடுக்க முடியாது.